பிள்ளை பெத்தவதானே

"ரெண்டு பிள்ளை பெத்தவங்கதானே, இதத் தாங்க மாட்டீங்களா?"

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, பின்னால் ஓட்டை வைத்த காகிதக் கால்சட்டையோடு கிடந்த என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்ட டாக்டர் கடுமையான ஆள் இல்லை. சிரித்த முகத்தோடு, ஒரு தைரியம் சொல்வது போலத்தான் கேட்டார். அப்போது என் பெருங்குடலுக்குள் ஒன்றரை மீட்டர் குழாயில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி போக வேண்டியிருந்தது.

நான்கு மாதமாக வயிற்று வலி, இடையிடையே மலத்தில் ரத்தம். பார்த்துவிடுவது நல்லது என்றார்கள். அது சரியான முடிவுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. முந்தைய நாள் முழுக்க வீட்டில் பேதி மருந்தைக் கரைத்துக் கரைத்துக் குடித்துவிட்டு, விடியற்காலையில் கன்னிவாடியில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கும் அந்த ஜன்னல் கம்பிக்கும் மட்டும்தான் தெரியும். மருத்துவமனையில் மயக்க ஊசிக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஊசி போட்டால் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். என்னோடு ஆள் இல்லை. "சும்மாவே பண்ணிரலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்கள். அறையில் மூன்று ஆண்கள். ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்ட பிறகு, வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவை உள்ளே வந்து நிற்கச் சொன்னார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷம் சுவர்க் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷமாக இருந்தது. இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன். "இந்தா முடிஞ்சிருச்சு" என்றார்கள், இரண்டு முறையும்.

பயப்பட ஒன்றும் இல்லை, உள்மூலம் மட்டும்தான் என்று முடிவு வந்தது. சந்தோஷம். திரும்பும் பஸ்ஸில் ஃபைலைத் திறந்து படித்தேன். கடைசியில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு வரி: நோயாளி இந்தப் பரிசோதனையை நன்றாகத் தாங்கிக்கொண்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். சீரண மண்டலத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன். கோட்டு உருவம் ஒன்று, அதற்குள் வாய், உணவுக்குழாய், இரைப்பை, சுருண்ட சிறுகுடல், அதைச் சுற்றி மாலை போலப் பெருங்குடல். அந்தக் கோட்டு உருவத்துக்குத் தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம். ஆணின் உருவம் அது. குடலில் என்ன ஆண் பெண் என்று நானும் இருபது வருஷம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இருக்கிறது என்று லண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனைக்காரர்கள் 1996இல் எழுதியிருக்கிறார்கள். கொலோனோஸ்கோபி ஏன் பெண்களுக்குக் கடினமாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. பேரியம் கொடுத்து எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்து அளந்தார்கள். பெண்களின் பெருங்குடல் ஏறத்தாழ 155 சென்டிமீட்டர், ஆண்களுடையது 145. உயரம் குறைந்த உடம்புக்குள் நீளம் கூடிய குடல். அதன் குறுக்குப் பகுதி பாதிக்கும் மேற்பட்ட பெண்களிடம் இடுப்புக் கூட்டுக்குள் தொங்கி இறங்குகிறது, ஆண்களில் நாலில் ஒருவருக்குத்தான் அப்படி. குழாய் அந்த வளைவுகளில் முட்டும், சுருளும், குடலை இழுக்கும். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு உள்ளே தசை ஒட்டிக்கொண்டு வளைவு இன்னும் இறுகிப்போயிருக்கும். இந்தியாவில் எத்தனை கர்ப்பப்பைகள் தேவையில்லாமல் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்த நூலை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பெண்ணுக்கு அதிகம் வலிக்கிறது என்றால் அவள் ஊரைக் கூட்டுகிறாள் என்று அர்த்தம் இல்லை. வலிக்க உடம்பிலேயே காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அச்சாகி முப்பது வருஷம் ஆகப்போகிறது.

வலியை அளக்கவே முடியாதா? அளந்திருக்கிறார்கள். டொராண்டோவில் ரெடல்மையரும், பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய டேனியல் கானெமனும் கொலோனோஸ்கோபி செய்துகொள்பவர்களிடம் நிமிஷத்துக்கு ஒரு தடவை "இப்போது எவ்வளவு வலிக்கிறது" என்று குறிக்கச் சொன்னார்கள். அவர்கள் கண்டுபிடித்தது இது: மனிதர்கள் வலியின் மொத்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசியில் எவ்வளவு வலித்தது, இந்த இரண்டும்தான் மனதில் நிற்கின்றன. 2003இல் வெளியான அடுத்த ஆய்வில் 682 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பரிசோதனை முடிந்த பிறகும் குழாயின் முனையை மலக்குடலிலேயே அசைக்காமல் சில நிமிஷம் விட்டுவைத்தார்கள். கூடுதலாகக் கொஞ்ச நேரம் அசௌகரியம். ஆனால் முடிவு மிதமாக இருந்ததால், அந்தக் குழுவினர் மொத்த அனுபவத்தையும் குறைந்த வலியாகவே நினைவு வைத்திருந்தார்கள்.

புத்திசாலித்தனமான ஆய்வு. மறுபடி பரிசோதனைக்கு வர மக்கள் பயப்படக் கூடாது என்ற அக்கறையும் அதில் உண்டு. ஆனாலும் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் குரல்தான் கேட்டது. "பிள்ளை மொகத்தப் பாத்தா பெத்த வலி மறந்துரும்டி." கடைசியை இனிப்பாக்கினால் நடுவில் நடந்தது கணக்கில் வராது என்ற சூத்திரத்தைப் பிரசவ அறைகளில் நம்மிடம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால்தான் கொலோனோஸ்கோபி மேசையிலும் பிரசவம் எனக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கிறது. ஒருமுறை தாங்கியவள் எதையும் தாங்குவாள். அவளிடம் கேட்க வேண்டியதில்லை.

கானெமன் ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் முடிவு இல்லை. நோயாளியின் கையில் வலியைக் குறிக்கும் கருவியைக் கொடுத்தார்களே, அது. நார்வேயில் கேஸ்ட்ரோநெட் என்று ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். கொலோனோஸ்கோபி முடிந்தவரிடம் ஒரு படிவம் கொடுத்து அனுப்புவார்கள், அவர் வீட்டில் போய் நிதானமாக நிரப்பி அனுப்புவார்: வலித்ததா, எவ்வளவு வலித்தது. டாக்டர் எழுதுவது ஒரு பக்கம், நோயாளி எழுதுவது ஒரு பக்கம். இதற்கு ராக்கெட் அறிவியல் தேவையா? ஒரு தாளும் தபால் தலையும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடலை விரித்துப் பார்க்க உள்ளே காற்று அடைக்கிறார்கள். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு அடைத்தால் குடல் அதை வேகமாக உறிஞ்சிவிடும், மூச்சு வழியாக வெளியே போய்விடும், பிறகு வயிறு உப்பி முறுக்குவது குறையும். பல நாடுகளில் ஆய்வு செய்து உறுதியான விஷயம். கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு லேப்ராஸ்கோபி செய்யும்போது பெண்கள் வயிற்றில் அடைப்பதும் இதே வாயுதான். அதாவது பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்றால் சிலிண்டர் வந்துவிடுகிறது. அதிலும் ஏமாற்றியிருக்கிறார்கள். 2014 நவம்பரில் ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில் ஒரு கருத்தடை முகாமில் 56 பெண்களின் வயிற்றில் சைக்கிள் பம்ப் வைத்துக் காற்றடித்தார்கள். அதுவும் செய்தியாக வந்ததால் தெரிந்தது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஆண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் வயிறு இந்த மருத்துவத்துக்குப் புதிய இடமா என்ன? வேண்டும்போதெல்லாம் திறந்திருக்கிறார்கள். நமக்கு வலிக்கும்போது மட்டும் அது ஆராய்ச்சிக்கு எட்டாத மர்மமாகிவிடுகிறது.

இந்த மர்மத்துக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எரிச்சல் கொண்ட குடல் என்று ஒரு நோய்: வயிறு வலிக்கும், மலம் ஒருநாள் இளகும் ஒருநாள் இறுகும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. மேலை நாடுகளில் இது பெண்கள் நோய் என்றே பேர் வாங்கிவிட்டது. இந்திய இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு நாடு முழுக்க மருத்துவமனைகளுக்கு வந்த 2,785 நோயாளிகளைப் பார்த்து 2008இல் எழுதியது. அவர்களில் பெரும்பான்மை ஆண்கள். அட்லாண்டிக்கைத் தாண்டினால் குடல் பால் மாறிவிடுமா? இல்லை. இங்கே ஆஸ்பத்திரிக்கு வருவது யார் என்பதுதான் விடை. மருந்துச் சோதனைக்கு ஆள் எடுப்பது ஆஸ்பத்திரி வாசலில். வாசலுக்கு வராதவள் சோதனையிலும் இல்லை, அதிலிருந்து பிறக்கும் மருந்தின் அளவிலும் இல்லை.

அதே பணிக்குழு இன்னொரு நல்ல காரியம் செய்தது. நோயில்லாத 4,500 பேரையும் கேட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் தினம் ஒரு முறையாவது மலம் கழிப்பவர்கள். வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைந்தால்தான் மலச்சிக்கல் என்ற வெளிநாட்டு அளவு நமக்குப் பொருந்தாது என்று இதிலிருந்து தெரிகிறது. வாரத்துக்கு நாலு நாள் முக்கி முக்கிப் போகிற பெண்ணிடம் "இது நார்மல்தான்மா" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள் இதைப் படிக்கலாம்.

ஆனால் எந்தக் கேள்வித்தாளிலும் நான் தேடியும் காணாத கேள்வி ஒன்று உண்டு. மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்ட பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு முக்கல், முழுசாகப் போன திருப்தி உண்டா, எல்லாம் கேட்கிறார்கள். வந்தபோது போக முடிந்ததா என்று கேட்பதில்லை. எங்கள் பக்கம் 'வெளிக்குப் போவது' என்ற சொல்லே இடத்தைச் சொல்லும் சொல். என் அம்மா வெங்காயக் காட்டில் களை எடுத்தவர். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, நடுவில் வந்தால் அடக்கு. அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டார். நாற்பது வருஷம் அடக்கிய குடல் அது. இன்று வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாயிற்று, வேலைக்காட்டில் கட்டவில்லை. மில்லுக்கு வேன் ஏறிப் போகிற பெண்கள் மெஷினை விட்டு எத்தனை நிமிஷம் நகரலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அவர்களிடம் போய் நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்கிறோம். முந்தைய நாள் பேதி மருந்து குடிக்கச் சொல்லும்போது "வீட்டுல கக்கூஸ் இருக்கா, எத்தனை பேருக்கு ஒண்ணு" என்று எந்த ஆஸ்பத்திரியாவது கேட்கிறதா?

அம்மாவுக்கு நெஞ்சு கரிக்கும், எதுக்களிக்கும். மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டு வாங்குவார். பல வருஷம் அவர் விழுங்கியவற்றில் சிசாப்ரைடும் உண்டு என்பது பழைய அட்டையைப் பார்த்துப் பின்னாளில் எனக்குத் தெரிந்தது. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் என்று அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000இல் எடுத்த மருந்து. இந்த வகைத் தாளக்கேடு ஆண்களைவிடப் பெண்களுக்கு வர வாய்ப்பு அதிகம். இந்தியாவில் தடை செய்தது 2011 பிப்ரவரியில். அடுத்த மாதமே தடையான இன்னொரு மருந்து டெகாசெராட். மலச்சிக்கலோடு வரும் எரிச்சல் குடலுக்கு, பெண்களுக்கென்றே 2002இல் அமெரிக்காவில் அனுமதித்த மருந்து. ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது மருந்து சாப்பிட்ட 11,614 பேரில் 13 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுவலி என்று ஏதோ ஒன்று. வெறும் மாத்திரை சாப்பிட்ட 7,031 பேரில் ஒருவருக்கு. 2007 மார்ச்சில் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். இங்கே இன்னும் நான்கு வருஷம் ஆனது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு?

இதையெல்லாம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு தோழி கோபப்பட்டார். "அப்ப நம்ம பொம்பளைகள இன்னும் நிறைய மருந்துச் சோதனைல சேக்கணும்கிறியா? திண்டுக்கல்லுல நடந்ததத் தெரிஞ்சுமா?"

தெரியும். குடல் சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும் எங்கள் மாவட்டத்துப் பெண்களின் உடம்பில் நடந்த பெரிய ஆய்வு அது என்பதால் சொல்கிறேன். 2000 முதல் 2006 வரை. கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவிப் பார்த்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முறை. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், பிரான்ஸில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லாம் சேர்ந்து செய்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகள். சீட்டுப் போடுவது போலப் பிரித்து 57 பகுதியில் பரிசோதனை, 57 பகுதியில் இல்லை. 31,343 பெண்களை நர்ஸுகளே பரிசோதித்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் கொடுத்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் 30,958 பெண்கள். அவர்களுக்கு வழக்கமாக ஊரில் கிடைப்பது எதுவோ அதுதான். வழக்கமாக ஊரில் கிடைத்தது ஒன்றுமில்லை. அவர்களில் 92 பேர் அந்த நோயால் இறந்தார்கள். பலன் உண்டு என்று முன்பே தெரிந்த பரிசோதனையைத் தராமல் சாவை எண்ணியது சரியா என்று 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் பெரிய வாதம் நடந்தது. நாட்டில் அன்று நிலவிய வழக்கம் அதுதான் என்றார்கள் ஆய்வாளர்கள்.

தோழியின் கோபம் நியாயம். 2009இல் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினாலு வயதுப் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டபோது பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டதை நாடாளுமன்றக் குழுவே 2013இல் கண்டித்தது. அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் "நம்மைச் சோதனை எலி ஆக்காதே" என்ற முழக்கத்தோடு நாம் நின்றுவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1977இல் அமெரிக்க மருந்துத் துறை, பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதுகாப்புதான் காரணம் என்றது. 1993இல்தான் திரும்பப் பெற்றது. அந்தப் பதினாறு வருஷத்து மருந்துகளை ஆண்கள் உடம்பில் அளந்து பெண்கள் வாயில் போட்டார்கள். சோதனைக்கு வெளியே நிறுத்தினால் எலியாக இருப்பதிலிருந்து தப்பினோம் என்று அர்த்தமில்லை. கூண்டு இல்லாமல், குறிப்பேடு இல்லாமல், நஷ்டஈடு இல்லாமல் எலியாக இருக்கிறோம். என் அம்மா இருந்தது அப்படித்தான், மருந்துக்கடை வாசலில்.

எனவே தோழியிடம் நான் சொன்னது: சேர வேண்டும். கேட்டுவிட்டுச் சேர வேண்டும். 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளில் நல்லவை சில இருக்கின்றன. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புதிய மருந்துக்கு ஒப்புதல் வாங்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், பாதிப்பு வந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். 2009 முதல் எந்தச் சோதனையும் பொதுப் பதிவேட்டில் ஏறாமல் தொடங்கக் கூடாது. இவையெல்லாம் சும்மா கிடைத்தவை அல்ல, வழக்குப் போட்டும் போராடியும் வாங்கியவை. இனி கேட்க வேண்டியவை மிச்சம் இருக்கின்றன. பெண்களுக்கு எவ்வளவு வலித்தது, என்ன பக்கவிளைவு என்று தனிக்கணக்காக வெளியிட வேண்டும். வலியை டாக்டர் எழுதக் கூடாது, வலித்தவள் எழுத வேண்டும், தமிழில். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். மயக்க ஊசி வேண்டுமா என்பதைக் காசும் துணைக்கு வரும் ஆளும் தீர்மானிக்கக் கூடாது. மயங்கிக் கிடக்கையில் கூடவே ஒரு பெண் இருப்பாள் என்பது நிச்சயமாக வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் ஊசி வேண்டாம் என்பது தைரியத்தால் அல்ல. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவள், அந்தக் குழுவில் இருந்தாள் என்பதை ஒருநாளாவது அறிய வேண்டும். திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கல்லூரி வந்த இடத்துக்கு ஆய்வும் வரும். வருவதற்கு முன்னாலேயே இதைப் பேசி வைக்க வேண்டும்.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன தை மாதம் மதினிக்குக் கொலோனோஸ்கோபி. வேறு மருத்துவமனை. நான் துணைக்குப் போனேன், மயக்க ஊசிக்குப் பணமும் எடுத்துக்கொண்டு. மயக்கம் கொடுக்கிற டாக்டர் அன்று வரவில்லை. இன்னொரு நாள் வருகிறோம் என்றேன். மதினிதான், "மறுபடியும் அந்தப் பேதி மருந்தக் குடிக்க என்னால ஆகாது தாயி" என்று உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. ஃபைல் வந்தது. கடைசி வரி அதேதான். தமிழில் சொன்னேன்.

"நானா? தாங்கிக்கிட்டேனா?" என்றார் மதினி.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் அந்த வரியை மாற்றச் சொன்னோம். "அது கம்ப்யூட்டர்ல தானா வர்றதுக்கா, யாரும் டைப் பண்றதில்ல." மதினி அவளிடம் பேனா கேட்டார். வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் எழுதினார்: வலித்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். "இத ஜெராக்ஸ் எடுத்து உங்க ஃபைலுலயும் ஒண்ணு வைங்க" என்றார்.

அந்தப் பெண் ஒரு தடவை டாக்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இரண்டு பிரதி எடுத்து வந்தாள்.